எஸ்டிமேட்டைத் தாண்டி வரும் டெண்டர்: கட்டடப் பழுதுபார்ப்பில் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மழைக்கு ஒழுகும் நகராட்சிப் பள்ளிக் கட்டடம் ஒன்று. பழுதுபார்க்க 18 லட்சம் ரூபாய்க்கு மதிப்பீடு போட்டு, நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வாங்கி, டெண்டர் விட்டாயிற்று. விலைக் கவரைத் திறந்தால் இருப்பதிலேயே குறைந்த விலை 22 லட்சம். மன்றத்தில் இரண்டு குரல் எழும். "காண்ட்ராக்டர் கொள்ளையடிக்கிறார், ரத்து செய்யுங்க" என்பது ஒன்று. "எப்படியாவது கொடுத்து வேலையை முடிங்க" என்பது மற்றொன்று. எந்த இனத்தில் (மதிப்பீட்டில் தனித்தனியாக விலை போட்ட ஒவ்வொரு வேலையும் ஓர் இனம்) எவ்வளவு கூடியது, ஏன் கூடியது என்று பார்க்கும் முன் எழுவதால் இரண்டுமே அவசரக் குரல்கள்தான்.

கோவை, ஈரோடு, திருப்பூர், கரூர் மாநகராட்சிகளிலும், பொள்ளாச்சி, தாராபுரம், கோபி, உடுமலை போன்ற நகராட்சிகளிலும் புதிதாக வந்திருக்கும் உதவிப் பொறியாளர்களுக்கும் வார்டு உறுப்பினர்களுக்கும் இதை எழுதுகிறோம். புதுக் கட்டடத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் உள்ள பெரிய வேறுபாட்டை முதலில் மனதில் வையுங்கள். புதுக் கட்டடத்தில் வரைபடத்தைப் பார்த்து அளவு சொல்லிவிடலாம். பழுதுபார்ப்பில் பூச்சைக் கொத்திப் பார்க்கும்வரை உள்ளே இருப்பது தெரியாது. தெரியாததற்கெல்லாம் ஒப்பந்ததாரர் ஒரு விலை வைப்பார். கூடி வந்த தொகையில் பெரும்பங்கு அந்த விலைதான்.

முதல் வேலை: மொத்தத்தை விட்டு இனத்தைப் பாருங்கள்

கவர் திறந்த அன்றே ஒப்பீட்டுப் பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் மதிப்பீட்டு விலை, அடுத்து முதல் மூன்று பேரின் விலைகள், கடைசியில் வித்தியாசம் ரூபாயில். சதவீதத்தை மட்டும் எழுதினால் ஏமாந்துபோவீர்கள். 500 ரூபாய் இனத்தில் 80 சதவீதம் கூடுவதும் 6 லட்சம் இனத்தில் 10 சதவீதம் கூடுவதும் ஒன்றல்ல.

கணக்குக்காக மேலே சொன்ன பள்ளியையே எடுத்துக்கொள்வோம். இவை விளக்கத்துக்கான எண்கள். சந்தை விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மொட்டை மாடியில் பழைய தட்டோட்டைப் பெயர்த்து, செங்கல் ஜல்லி சுண்ணாம்புக் கலவை போட்டு, புதுத் தட்டோடு பதிக்க 400 சதுர மீட்டர். மதிப்பீட்டில் 1,500 ரூபாய் வீதம் 6 லட்சம். வந்த விலை 1,650 வீதம் 6.60 லட்சம்.

கூரையின் அடியில் கம்பி துருப்பிடித்து உரிந்த கான்கிரீட்டைச் சரிசெய்ய 120 சதுர மீட்டர். மதிப்பீட்டில் 3,000 வீதம் 3.60 லட்சம், வந்தது 5,500 வீதம் 6.60 லட்சம்.

பூச்சு வேலை 600 சதுர மீட்டர்: 400 வீதம் 2.40 லட்சம், வந்தது 430 வீதம் 2.58 லட்சம். பெயிண்ட் 2,000 சதுர மீட்டர்: 150 வீதம் 3 லட்சம்; வந்தது 140 வீதம் 2.80 லட்சம். கழிப்பறைக் குழாய் வேலை மொத்தமாக 3 லட்சம், வந்தது 3.42 லட்சம்.

கூட்டினால் 18 லட்சத்துக்கு 22 லட்சம், 22 சதவீதம் அதிகம். ஆனால் கூடிய 4 லட்சத்தில் 3 லட்சம் கம்பி துரு என்ற ஒரே இனத்தில் இருக்கிறது. இனிமேல் உங்கள் கேள்வி "டெண்டர் ஏன் கூடியது" என்பதாக இருக்கக் கூடாது. "அந்த 120 சதுர மீட்டரில் என்ன இருக்கிறது" என்பதே கேள்வி.

இரண்டாவது வேலை: உங்கள் எஸ்டிமேட்டையே சந்தேகியுங்கள்

இதில்தான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். எஸ்டிமேட் சரி, டெண்டர்தான் தப்பு என்ற எண்ணத்தோடு பேச்சுக்கு உட்கார்ந்தால் ஒப்பந்ததாரர் இரண்டே கேள்வியில் வாயடைத்துவிடுவார். அதற்கு முன் நீங்களே இவற்றைச் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும்.

மதிப்பீடு எந்த ஆண்டு விலை விகிதப் பட்டியலில் போடப்பட்டது? பொதுப்பணித்துறை ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. நிதிக்காகக் காத்திருந்த கோப்பு பழைய பட்டியலோடே டெண்டருக்குப் போவது சாதாரணமாக நடக்கிறது. 2025-இல் கனிம நில வரி வந்தபின் ஜல்லி, எம்-சாண்ட் விலைகள் ஏறின. அதற்கு முந்தைய பட்டியலில் போட்ட மதிப்பீட்டை நடப்புப் பட்டியலுக்கு மாற்றிக் கணக்குப் போட்ட பிறகே கூடுதல் எத்தனை சதவீதம் என்று பேசுங்கள்.

லீட் கணக்கு, அதாவது பொருளை ஏற்றிவரும் தூரத்தின் கணக்கு, எந்த வேலையிலிருந்து வந்தது? பழைய மதிப்பீட்டிலிருந்து அப்படியே நகல் எடுத்திருந்தால் தூரம் தப்பாக இருக்கும். கிணத்துக்கடவு கிரஷரிலிருந்து பொள்ளாச்சிக்கு வருவதும், ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்குப் போவதும் ஒரே வாடகையில் முடியாது.

இடிபாடு அப்புறப்படுத்தும் செலவு இருக்கிறதா? பெரும்பாலான பழுதுபார்ப்பு மதிப்பீடுகளில் விடுபடுவது இதுதான். 400 சதுர மீட்டரில் 75 மில்லிமீட்டர் செங்கல் ஜல்லியும் அதன்மேல் தட்டோடும் கலவையுமாகச் சுமார் 10 சென்டிமீட்டர் பெயர்த்தால் 40 கன மீட்டர். பெயர்த்த பிறகு உப்பி 50-க்கு மேல் போகும். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். ஆக ஏறக்குறைய 18 யூனிட், மூன்று யூனிட் டிப்பரில் 6 லோடு. இரண்டாவது மாடியிலிருந்து கூடையில் இறக்கி, குழந்தைகள் நடமாடாத நேரம் பார்த்து ஏற்றி, மாநகராட்சி சொல்லும் இடத்தில் கொட்ட வேண்டும். மதிப்பீட்டில் இதற்கு இடமில்லை என்றால் ஒப்பந்ததாரர் அதைத் தட்டோட்டு விலைக்குள் வைத்துத்தான் தருவார். அதில் தவறில்லை.

அடுத்தது துரு இனம். "பழுதடைந்த கான்கிரீட்டை அகற்றிப் பாலிமர் கலவையால் சரிசெய்தல், 120 சதுர மீட்டர்" என்று மட்டும் எழுதி, ஆழம் சொல்லாமல் விட்டிருப்பார்கள். கணக்கைப் பாருங்கள். ஒரு சதுர மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் கனம் என்றால் 10 லிட்டர் கலவை, சுமார் 20 கிலோ. 25 மில்லிமீட்டருக்கு 50 கிலோ; 40 மில்லிமீட்டருக்கு 80 கிலோ. 120 சதுர மீட்டருக்கு 25 மில்லிமீட்டர் என்றால் 6 டன், 40 என்றால் 9.6 டன். எந்த ஆழம் என்று நீங்கள் எழுதாதபோது அவர் 40-க்குத்தான் விலை போடுவார். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

இந்த 120 என்ற எண் எங்கிருந்து வந்தது என்பதையும் கேளுங்கள். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டதா, தட்டிப் பார்த்ததா? தட்டிப் பார்ப்பது எளிது. ஏணி, அரைக் கிலோ சுத்தியல், சாக்பீஸ், டேப் போதும். கூரையின் அடியில் ஒவ்வொரு அரை அடிக்கும் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல கான்கிரீட் "டங்" என்று கையை உதைக்கும். உள்ளே துரு உப்பிப் பிரிந்த இடம் "டொப்" என்று பொக்கையாகக் கேட்கும். கையில் அதிர்வு இருக்காது. சத்தம் மாறும் இடத்தில் சாக்பீஸால் கோடு. கோடுகள் சேர்ந்து ஒரு வட்டமோ சதுரமோ ஆகும்; அதை அளந்து எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) அறைவாரியாக எழுதுங்கள். ஒரு வகுப்பறைக்கு ஒரு மணி நேரம் போதும். கண்ணுக்கு விரிசலே தெரியாத இடத்திலும் பொக்கை இருக்கும். பெரிதாக உரிந்து பயமுறுத்தும் இடம் சில வேளை ஒரு சதுர மீட்டரோடு நின்றுவிடும்.

மூன்றாவது வேலை: பேச்சுக்கு உட்காரும் முன் சட்டத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவின்மைச் சட்டம் 1998, அதன்கீழ் வந்த 2000-ஆம் ஆண்டு விதிகள், இரண்டும் மேசையில் இருக்கட்டும். குறைந்த விலை கொடுத்தவரின் விலை, நடப்புச் சந்தை விலையையோ விலை விகிதப் பட்டியலையோ விட அதிகம் என்று கருதினால் அவரோடு மட்டும் விலையைக் குறைக்கப் பேசலாம். இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டு "இந்த விலைக்கு வர்றீங்களா" என்று கேட்கக் கூடாது. கேட்டால், மூன்று மாதம் கழித்து உள்ளாட்சி நிதித் தணிக்கை உங்களைக் கேட்கும். பாதிக்கப்பட்டதாகக் கருதும் ஒப்பந்ததாரர் ஆணை கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யவும் சட்டம் இடம் தருகிறது.

பேச்சில் விலை மட்டுமே இறங்கலாம். வேலையின் நிபந்தனை மாறக் கூடாது. "ஆழத்தை 25 மில்லிமீட்டராக வைச்சுக்கிறோம், நீங்க குறைச்சுக்கங்க" என்று ஒருவரிடம் மட்டும் சொன்னால் மற்றவர்களுக்கு அது அநியாயம். அந்த ஆழம் முன்பே தெரிந்திருந்தால் அவர்கள் இன்னும் குறைவாகக் கேட்டிருப்பார்கள். ஆழம், அளவு, கால அவகாசம் எதை மாற்ற வேண்டுமென்றாலும் டெண்டரை ரத்து செய்து, திருத்தி, மறுபடி விட வேண்டும். நல்லெண்ணத்தோடு செய்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

பேச்சு அலுவலகத்திலேயே நடக்கட்டும், குறைந்தது மூன்று அலுவலர்கள் முன்னிலையில். இன்ன இனம், இன்ன விலையிலிருந்து இன்ன விலைக்கு, காரணம் என்ன என்று நடவடிக்கைக் குறிப்பு எழுதி அன்றே கையெழுத்து வாங்குங்கள். போனில் பேசி முடித்த விலைக்கு மதிப்பில்லை.

பேசும்போது "மொத்தத்துல ஒரு 10 பர்சென்ட் குறைங்க" என்று கேட்காதீர்கள். அவர் பெருந்தன்மையாகக் குறைப்பார். குறைத்ததைக் கலவையில் எடுத்துக்கொள்வார். துரு இனத்தின் விலைப் பகுப்பை எழுதித் தரச் சொல்லுங்கள்: கொத்துக் கூலி, கம்பி சுத்தம் செய்தல், துருத்தடுப்புப் பூச்சு, பழையதோடு ஒட்ட வைக்கும் பூச்சு, பாலிமர் கலவை, சாரம், லாபம். பல நேரங்களில் சாரத்தை இங்கேயும் பூச்சு வேலையிலும் இரண்டு முறை போட்டிருப்பார்கள்.

"சாரம் ரெண்டு தடவ கட்டோணுமுங்க, பசங்க இருக்கறப்ப கழட்டி வெக்கச் சொல்லிருவாங்க" என்று அவர் சொன்னால் கோபப்படாமல் டெண்டர் ஆவணத்தைத் திறந்து பாருங்கள். விடுமுறையில் தொடர்ச்சியாக இடம் ஒப்படைக்கப்படும் என்று அதில் ஏற்கெனவே எழுதியிருந்தால் சுட்டிக்காட்டி விலையை இறக்கலாம். எழுதாமல் விட்டிருந்தால் அந்தச் செலவு நியாயமானது.

நம் கணக்கில், பேச்சுக்குப் பின் துரு இனம் 4,500-க்கும் தட்டோடு 1,575-க்கும் இறங்கியது என்று வைப்போம். மொத்தம் 20.50 லட்சம், கூடுதல் கிட்டத்தட்ட 14 சதவீதம். இதை ஏற்பதற்கான அதிகாரம் ஆணையரிடமா, மன்றத்திடமா, மண்டலப் பொறியாளருக்கும் மேலேயா என்பது அந்தந்த நிதி அதிகார வரம்பைப் பொறுத்தது. குறிப்பு எழுதும் முன் நடப்பு அரசாணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிதிக் கணக்கில் நிறையப் பேர் கோட்டைவிடும் இடம் ஜி.எஸ்.டி. உள்ளாட்சிகளுக்கான கட்டுமான ஒப்பந்தப் பணிக்கு 2022 ஜூலை 18 முதல் 18 சதவீதம். 18 லட்சத்துக்கு வரியோடு 21.24 லட்சம், 20.50 லட்சத்துக்கு 24.19 லட்சம். ஆக நீங்கள் கூடுதலாகத் தேட வேண்டியது இரண்டரை லட்சமல்ல, 2.95 லட்சம். பழைய கோப்பில் 12 சதவீதம் போட்டிருந்தால் பள்ளம் இன்னும் பெரிதாகும். தொழிலாளர் நல நிதி 1 சதவீதத்தையும் சேர்த்தே பாருங்கள்.

அந்தப் பணம் பொது நிதியிலிருந்தா, கல்வி நிதியிலிருந்தா என்பதைத் தீர்மானத்திலேயே எழுதிவிட வேண்டும். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுத்தால் மீதியை அரசு தரும். முன்னாள் மாணவர்களும் ஆலைக்காரர்களும் கொடுக்க முன்வரும் ஊர்கள் இங்கே நிறைய. ஆனால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். ஏற்கெனவே டெண்டர் திறந்த வேலையின் ஓட்டையை அடைக்க அதை எண்ணிக்கொண்டு உட்காராதீர்கள்.

ஏற்பதா, மறு டெண்டரா

மறு டெண்டருக்கு ஒரு விலை உண்டு. 2 கோடி வரையான வேலைக்குக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்கு மேல் 30 நாள். ஆவணத் திருத்தம், சரிபார்ப்பு, மன்றக் கூட்டம், ஒப்பந்தம் எல்லாம் சேர்த்தால் இரண்டரை மாதம் போகும். ஆனியில் ரத்து செய்த டெண்டர் புரட்டாசியில் பணி ஆணையாகும். ஐப்பசி மழையில் சுண்ணாம்புக் கலவை காயாது. குழந்தைகள் இன்னொரு மழைக்காலம் வாளி வைத்த வகுப்பறையில்தான் உட்காருவார்கள்.

நாங்கள் பார்க்கும் முறை இது. கூடியதற்குக் காரணம் விலைவாசியும் விடுபட்ட இனமும் என்று கணக்கில் நிரூபணமானால், பேசிக் குறைத்து ஏற்பது நல்லது. மறு டெண்டரில் விலை இறங்காது. ஆவணத்தில் அளவும் ஆழமும் தெளிவில்லாததால் கூடியிருந்தால், அதைத் திருத்தாமல் ஏற்பது ஆபத்து. ரத்து செய்து திருத்தி விடுங்கள். ஒருவர் மட்டுமே விலை கொடுத்திருந்தால், மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று ஆவணம் வாங்கிப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். பெரும்பாலும் பதில் பழைய பில் பாக்கியாக இருக்கும். எட்டு மாதம் தாமதமாகப் பணம் வரும் என்று தெரிந்தவர், மாதம் ஒன்றரை வட்டிக்கு 12 சதவீதத்தை விலையிலேயே வைத்துவிடுவார். உங்கள் கணக்குப் பிரிவு பில்லை ஒரு மாதத்தில் தரும் என்று பெயர் வாங்கிவிட்டால் அடுத்த டெண்டரிலேயே வித்தியாசம் தெரியும்.

துரு இனத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. நம் கணக்கில் இரண்டாவதாக வந்தவரின் மொத்தம் 22.40 லட்சம், ஆனால் துருவுக்கு 4,000 மட்டுமே கேட்டிருக்கிறார் என்று வைப்போம். வேலை தொடங்கி, 120 சதுர மீட்டர் 200 ஆனால் முதலாமவருக்கு 5,500 வீதம் 4.40 லட்சம் கூடி 26.40, இரண்டாமவருக்கு 3.20 லட்சம் கூடி 25.60. குறைந்த விலைக்காரர் யார் என்பதே மாறிவிடுகிறது. அனுபவமுள்ள ஒப்பந்ததாரருக்குக் கூடப்போகும் இனம் எது என்று நன்றாகத் தெரியும். அதில் ஏற்றி, பெயிண்டில் இறக்கி, மொத்தத்தில் முதலிடம் பிடிப்பார். கவர் திறந்தபின் இதைக் காரணம் காட்டி இரண்டாமவருக்குக் கொடுக்க முடியாது. முன்பே தட்டிப் பார்த்து அளவைச் சரியாகப் போடுவதும், மதிப்பிட்ட அளவைத் தாண்டும் பகுதிக்கு என்ன விலை என்பதை ஆவணத்திலேயே எழுதுவதும்தான் தடுப்பு.

வேலையைக் குறைத்துத்தான் ஆக வேண்டுமென்றால்

திருத்திய டெண்டரில் தொகைக்குள் அடக்க எதையாவது வெட்ட வேண்டி வரும். மேலிருந்து கீழாகத் தண்ணீர் வரும் வழியிலேயே யோசியுங்கள். மொட்டை மாடித் தளம், கைப்பிடிச்சுவர் ஓரம், மழைநீர்க் குழாய் ஆகிய மூன்றையும் தொடாதீர்கள். அடுத்தது துரு. பிறகு உள்பூச்சு. கடைசியில் பெயிண்ட். அழகாகத் தெரிய வேண்டும் என்று பெயிண்டை வைத்துக்கொண்டு தட்டோட்டைப் பாதியாக வெட்டினால், அடுத்த ஐப்பசியில் பெயிண்டும் பொரிந்து உதிரும், செலவழித்த பணமும் போகும். பெயிண்டைத் தனி இனமாக, நிதி மிஞ்சினால் மட்டும் என்று ஆவணத்தில் முன்கூட்டியே எழுதலாம். ஆனால் ஒரே வேலையைத் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவர இரண்டு மூன்று துண்டாக உடைப்பது விதிமீறல்; தணிக்கைத் தடை நிச்சயம்.

அடுத்த முறை கூடாமலிருக்க

டெண்டர் விடும் மாதம் விலையைத் தீர்மானிக்கிறது. மார்ச் கடைசியில் எல்லா உள்ளாட்சியும் ஒரே நேரத்தில் டெண்டர் விடும்போது ஒப்பந்ததாரர் கை நிறைய வேலை வைத்திருப்பார். பிடித்த விலை சொல்வார். பங்குனி, சித்திரையில் ஊருக்கு ஊர் மாரியம்மன் நோம்பி. கொத்தனாரும் பெரியாளும் நான்கு நாள் வரமாட்டார்கள் என்பதையும் அவர் கணக்கில் வைப்பார். ஆடியில் தனியார் வீட்டுவேலை தொடங்குவது குறையும், ஆள் கிடைக்கும். ஆனால் பல்லடம், உடுமலை பக்கம் ஆடிக்காற்றில் உயரமான சாரத்தில் வேலை நடக்காது. உள்வேலைகளுக்கே அது பொருந்தும்.

பள்ளிக் கட்டடங்களுக்கு மே விடுமுறையைக் குறிவைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். ஏப்ரல் கடைசியில் பணி ஆணை கையில் இருக்க வேண்டும்; மார்ச் மன்றக் கூட்டத்தில் தீர்மானம்; பிப்ரவரியில் டெண்டர்; ஜனவரியில் தொழில்நுட்ப அனுமதி. அப்படியானால் அளவெடுக்கும் காலம் நவம்பரும் டிசம்பரும். மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள். வெயில் நாளில் போனால் கறை மட்டும் தெரியும். மழையில் போனால் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்றே தெரியும். கூரையில் ஈரம் பரவிய விளிம்பைச் சாக்பீஸால் சுற்றி, பக்கத்தில் தேதி எழுதி, மாடிக்கு ஏறி அதே இடத்துக்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று பாருங்கள். அடைத்துக்கொண்ட குழாய் வாய், உடைந்த தட்டோடு, கைப்பிடிச்சுவர் ஓர விரிசல், யாரோ வைத்துவிட்டுப் போன தண்ணீர்த் தொட்டி என்று ஏதாவது ஒன்று இருக்கும். சில இடங்களில் குழாய் வாயில் அடைத்த வேப்பிலைச் சருகை அள்ளிப் போட்டாலே அந்த அறையின் ஒழுகல் நின்றுவிடும். அந்தச் சதுர மீட்டர்களை எஸ்டிமேட்டிலிருந்து எடுத்துவிடலாம்.